பஸ்சில் "டமால்"... வேட்டியெல்லாம் சிவப்பு! ஏற்காட்டு "வீட்டு ஒயின்" ரகசியமும், மேச்சேரி ஆட்டுக்கறிக்கு ஏற்ற ஜோடியும்

டமால்!

சத்தம் கேட்டதும் டிரைவர் சடாரென பிரேக் போட்டார். டயர் வெடித்துவிட்டது என்றுதான் பஸ்சில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்குகிற மலைப்பாதை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னும் பாதி வளைவுகூடத் தாண்டவில்லை.

"ஐயோ ரத்தம்! ரத்தம்!" என்று ஒரு பெண் அலறினார்.

மேலே சாமான் வைக்கும் பலகையில் இருந்து சிவப்பாக ஒழுகியது. கீழே உட்கார்ந்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் வெள்ளை வேட்டி நனைந்து செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவர் மயக்கம் போட்டு விழாத குறை.

ரத்தம் இல்லை. ஒயின்!

மூன்றாவது சீட்டில் இருந்து ஒருவர் திருடனைப் போல முழித்தபடி எழுந்தார். சேலத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். மனைவியோடு ஒரு நாள் ஏற்காடு சுற்றிவிட்டுத் திரும்புகிறார். மலையில் யாரோ "வீட்டுல செஞ்ச ஒயின் சார், கலப்படமே கிடையாது" என்று சொல்லி விற்ற பாட்டிலாம். லேபிள் இல்லை, சீல் இல்லை. பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கித் திருகிக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்னங்க இது? குடிச்சுட்டு வர்றீங்களா?" என்று வேட்டிக்காரர் சீறினார்.

"இல்லீங்கண்ணா, சத்தியமா இல்லீங்க. நாளைக்கு வீட்டுல மட்டன் எடுக்கிறோம். மட்டனுக்கு சிவப்பு ஒயின் சேரும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. அதான் ஆசைக்கு ஒண்ணு..."

பஸ்சே சிரித்தது. வேட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அதே பஸ்சில் நானும் இருந்தேன். நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே! இரண்டு கேள்வி மண்டையைக் குடைந்தது. ஒன்று, அந்தப் பாட்டிலுக்குள் என்னதான் இருந்தது? இரண்டு, மட்டனுக்கு சிவப்பு ஒயின் உண்மையிலேயே சேருமா? விசாரித்ததில் கிடைத்த விவரம் வருமாறு:-

பாட்டில் ஏன் வெடித்தது?

வீட்டு ஒயின் செய்கிற முறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. கறுப்புத் திராட்சையைக் கழுவிப் பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். தினமும் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறுவார்கள். மூன்று வாரம் போனதும் வடிகட்டுவார்கள். ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் கிறிஸ்தவர் வீடுகள் பலவற்றிலும் கிறிஸ்துமஸ் கேக்கோடு இது பல தலைமுறையாக இருந்துவரும் பழக்கம்.

ஜாடிக்குள் வேலை செய்வது ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று இரண்டு பொருளை வெளியே விடுகிறது. ஒன்று போதை தரும் எத்தில் ஆல்கஹால். இன்னொன்று கரியமில வாயு. சோடா பாட்டிலில் அடைப்பார்களே, அதே வாயு.

அவசரக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? புளிப்பு முடிவதற்கு முன்பே பாட்டிலில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். உள்ளே சர்க்கரை மிச்சம் இருக்கிறது. ஈஸ்ட்டும் உயிரோடு இருக்கிறது. மலைமேல் குளிரில் அது சோம்பிக் கிடக்கும். கீழே இறங்க இறங்க சூடு ஏறும். பஸ் வேறு குலுக்கோ குலுக்கு என்று குலுக்கும். வாயு வெளியேற வழி ஏது? கண்ணாடிதான் வழி விட வேண்டும். டமால்!

அந்தச் சிவப்பு நிறம் சாயம் இல்லை. திராட்சைத் தோலில் இருந்து இறங்குவது. சாற்றை மட்டும் பிழிந்தால் கறுப்புத் திராட்சையிலும் வெளிறிய ஒயின்தான் வரும். தோலோடு ஊறினால்தான் சிவப்பு. வேட்டியில் பட்டால் போகாததற்கும் அதுவே காரணம்.

ஏற்காட்டில் திராட்சை ஏது?

இன்னொரு வேடிக்கை. "ஏற்காட்டு ஒயின்" என்கிறார்களே, ஏற்காட்டில் திராட்சைத் தோட்டத்தை எங்கே தேடுவது? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையின் விளைச்சல் காபி, மிளகு, ஆரஞ்சு, பலா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காபியை இங்கே கொண்டுவந்தார். இன்றைக்கும் சில்வர் ஓக் மர நிழலில் காபிச் செடியும், அந்த மரத்தையே சுற்றிப் படரும் மிளகுக் கொடியும்தான் சேர்வராயன் மலையின் அடையாளம்.

நம் மாநிலத்தில் கறுப்புத் திராட்சை என்றால் அது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற ஊர்களில் வருஷத்தில் சில மாதமே திராட்சை. கம்பத்தில் ஏறக்குறைய வருஷம் முழுவதும் அறுவடை.

பக்கத்து மாநிலத்தில் பெங்களூர் புளூ என்ற கறுப்புத் திராட்சை இருக்கிறது. நந்தி மலை அடிவாரத்தில் வெளிநாட்டு ரகத் திராட்சை போட்டு ஒயின் தயாரிக்கும் தோட்டங்களும் உண்டு. ஆக, ஏற்காட்டில் விற்ற பாட்டிலுக்குள் ஏற்காட்டுச் சரக்கு என்று எதுவும் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

"வீட்டுல செஞ்சா என்ன தப்பு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தப்புதான்! லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அன்புக்கு ஒரு கிளாஸ் கொடுப்பது வேறு, ரோட்டில் காசுக்கு விற்பது வேறு என்று நம் மனசு சொல்லலாம். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தது இரண்டுக்கும் பொதுதான். கேரளாவிலும் 2019 டிசம்பரில் கிறிஸ்துமஸ் நேரத்தில் எக்சைஸ் இலாகா "வீட்டில் ஒயின் போட்டால் வழக்கு" என்று எச்சரித்து, பெரிய பரபரப்பு ஆனது.

இந்தச் சட்டத்துக்கும் சேலத்துக்கும் உறவு அதிகம். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும், 1937 அக்டோபர் 1-ந் தேதி முதன்முதலாக மதுவிலக்கை அமல்படுத்தியது எங்கே தெரியுமா? சேலம் மாவட்டத்தில்தான்! ஏற்காடும் அதற்குள் அடக்கம்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு ஒரு சங்கதி. சாராய வருமானம் போனதே, அதை ஈடுகட்ட ராஜாஜி 1939-ல் கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. இன்றைக்கு ஜி.எஸ்.டி. கட்டும்போது முணுமுணுக்கிறீர்களே, அந்த வம்சத்தின் கொள்ளுத் தாத்தா சேலத்து மதுவிலக்கில் பிறந்தவர்!

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. நம் ஜனங்கள் அந்தக் கடைக்கு வைத்த பெயர் "ஒயின்ஷாப்". அங்கே பிராந்தி போகும், பீர் போகும். ஒயின் கேட்கிற ஆளை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்!

உயிருக்கு உலை

வெடித்ததோடு போயிற்று என்று குமாஸ்தா சந்தோஷப்பட வேண்டும். திராட்சையை மட்டும் புளிக்க வைத்தால் அதில் மெத்தனால் என்ற விஷம் மிகக் கொஞ்சமாகத்தான் வரும். ஆபத்து அதில் இல்லை. சீக்கிரம் "கிக்" ஏறட்டும் என்று சாயமும் எசன்சும் கலந்த தண்ணீரில் ஸ்பிரிட்டைச் சேர்க்கிறார்களே, அந்த ஸ்பிரிட் தொழிற்சாலைச் சரக்காக இருந்துவிட்டால்?

சேர்வராயனுக்குக் கிழக்கே இருப்பது கல்வராயன் மலை. அந்தப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே மாதக் கடைசியில் சட்டசபையில் தண்டனை கடுமையாக்கப்பட்டது. கள்ளச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

மெத்தனாலின் கொடுமை, உடனே தெரியாது. குடித்த அன்று வெறும் போதை மாதிரி இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சு இரைப்பு. கண் முன்னால் பனி மூட்டம் போல மங்கும். உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. "தூங்கினா தெளிஞ்சிடும்" என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் போட வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து, டயாலிசிஸ் மூலம் உயிரைக் காப்பாற்ற வழி உண்டு.

லேபிள் இல்லாத பாட்டிலுக்குள் இருப்பது திராட்சையா, ஸ்பிரிட்டா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. விற்பவன் சிரித்த முகம் அதற்கு உத்தரவாதம் ஆகுமா?

மாஸ்டரிடம் ஜோடிப் பொருத்தம்

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். மட்டனுக்கு ஒயின் சேருமா?

சேலத்தில் எனக்குத் தெரிந்த சமையல் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் எஸ்டேட் பங்களாக்களில் சமைத்தவர். இப்போது வீட்டோடு ஓய்வு. விஷயத்தைச் சொன்னதும், "வாங்க தம்பி, வெறும் வாயில பேசுனா ஆகுமா? சமைச்சே பார்த்துடலாம்" என்றார்.

லைசென்ஸ் உள்ள கடையில், லேபிள் ஒட்டிய இரண்டு பாட்டில் வாங்கினோம். ஒன்று இனிப்பே இல்லாத சிவப்பு ஒயின். இன்னொன்று இனிப்புச் சிவப்பு. மாஸ்டர் ஆளுக்கு இரண்டு மடக்குதான் ஊற்றினார். பாட்டிலை முதலில் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்தார்.

"சிவப்பு ஒயினைக் கூலிங் பண்ணக் கூடாதும்பாங்களே மாஸ்டர்?"

"அது குளிர் நாட்டுக்காரன் வீட்டுக் கணக்கு தம்பி. அவன் ரூம் 16, 18 டிகிரி. நம்ம சேலத்து ரூம் 35. அப்படியே ஊத்துனா கஷாயமாட்டம் இருக்கும். ஏற்காட்டு மார்கழி ராத்திரின்னா பிரிட்ஜே வேண்டாம்."

சோதனை முடிவுகள் இதோ:-

1. மேச்சேரி ஆட்டுக்கறி மிளகு வறுவல்: மேச்சேரி ஆடு நம்ம மாவட்டத்துச் சொத்து. செம்பழுப்பு நிறம். மலை மிளகை இடித்துப் போட்டுச் சுருள வதக்கினார் மாஸ்டர். இனிப்பில்லாத ஒயினை முதலில் தனியாகக் குடித்தபோது நாக்கு இழுத்துக்கொண்டது. கடுக்காய் கடித்த மாதிரி துவர்ப்பு. கறியை மென்றபின் குடித்தால் அந்தத் துவர்ப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை! காரணம், தோலில் இருந்து வரும் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் கறியின் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்கிறது. உப்பும் துணைக்கு வருகிறது. டிகாக்ஷனில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதே, அதே கதை. முதல் பரிசு.

2. பள்ளிபாளையம் சிக்கன்: காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டது. இனிப்பில்லாத ஒயின் இங்கே வில்லன். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூக்கிவிடுகிறது. வாய் எரிந்து கண்ணில் தண்ணீர்! இனிப்பு ஒயின், அதுவும் நன்றாகக் குளிர்ந்தது என்றால் பரவாயில்லை. மிளகுக் காரத்தைச் சமாளிக்கும் ஒயின், மிளகாய்க் காரத்திடம் தோற்றுப்போகிறது.

3. மேட்டூர் அணை மீன் குழம்பு: வாயில் பழைய இரும்பு ஆணியை வைத்த மாதிரி ஒரு நாற்றம். இது பிரமை இல்லை. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து இந்த வாடையைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். புளி வேறு சேர்ந்ததால் இன்னும் மோசம். டிஸ்மிஸ்!

4. தயிர் சாதம்: "கேட்கவே வேண்டாம்" என்றார் மாஸ்டர். கேட்டேன். வேண்டாம்தான்.

5. ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி: இரண்டு ஒயினும் தோல்வி. ஒரு கிளாஸ் டீ ஜெயித்தது.

6. காளான் மிளகு வறுவல், வெண்ணெயில் வதக்கியது: சைவக்காரர்களுக்கு நல்ல செய்தி. மட்டனுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

7. பிளம் கேக்: இனிப்பில்லாத ஒயின் கேக் பக்கத்தில் வெறும் புளித்தண்ணீர் ஆகிவிட்டது. இனிப்பு ஒயின் பிரமாதம். "பலகாரம் எவ்வளவு இனிப்போ, ஒயினும் அவ்வளவு இனிப்பு இருக்கணும் தம்பி. அதான் பாட்டிமாருங்க ஜாடியில சர்க்கரையை அள்ளிக் கொட்டுனாங்க" என்றார்.

குடிக்காதவர்களுக்கும் மாஸ்டர் வழி சொன்னார். பன்னீர் திராட்சையைத் தோலோடு கொதிக்க வைத்து, வடிகட்டி, எலுமிச்சையும் ஒரு சிட்டிகை மிளகுத் தூளும் போட்டு ஆறவைத்த ஜூஸ். அதே சிவப்பு, அதே வாசனை, கொஞ்சம் துவர்ப்பும் உண்டு. அன்றைக்கு எங்களுக்குப் பரிமாறிய மாஸ்டர் மனைவி குடித்தது அதைத்தான். "எனக்கு இதுதான் கறிக்குப் பொருத்தம்" என்று ஒரே போடாகப் போட்டார்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

"ஒயின்தானே, ஜூஸ் மாதிரி" என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 12 சதவீத ஒயின், 750 மில்லி பாட்டில். அதில் சுத்த ஆல்கஹால் 90 மில்லி. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் இருப்பது சுமார் 77 மில்லி. ஆக, ஒரு பாட்டில் ஒயினை ஒருவரே காலி செய்தால் குவார்ட்டருக்கும் மேல்!

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது. முதல் தடவை பிடிபட்டாலே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஒல்லியான ஆளுக்கு ஒரே ஒரு கிளாஸ் அந்த எல்லையைத் தொட்டுவிடக் கூடும். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். எதிரே ஏறிவருகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலைச் சட்டம். கண் கொஞ்சம் மங்கினாலும் சட்டமாவது, வளைவாவது!

21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது. "இவ்வளவு குடித்தால் நல்லது" என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லிவிட்டது. சேருமா சேராதா என்பது நாக்கின் தீர்ப்பு. வேண்டுமா வேண்டாமா என்பது வீட்டுக்காரியைக் கேட்டுக்கொண்டு நீங்கள் எடுக்க வேண்டிய தீர்ப்பு.

வேட்டி என்ன ஆச்சு?

பஸ் கதையை முடிக்க வேண்டாமா? அடிவாரம் வந்ததும் குமாஸ்தா வேட்டிக்காரரின் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினார். புது வேட்டிக்குப் பணம் கொடுக்கவும் முன்வந்தார். கடைக்காரர் வாங்கவில்லை.

"பணம் கிடக்கட்டும் தம்பி. அது என் வேட்டியில வெடிச்சுது. உம் பொண்டாட்டி மடியில வெச்சிருந்தா கண்ணாடி எங்க குத்தியிருக்கும்? வயித்துக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாரு" என்றார்.

குமாஸ்தா தலை நிமிரவில்லை. அவர் மனைவிதான் பேசினார்:

"நாளைக்கு மட்டன் உண்டுங்கண்ணா. ஒயின் கிடையாது. ரசம் வைக்கிறேன். நீங்களும் சாப்பிட வாங்க."

இந்தத் தடவை கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

மலைக்குப் போகிறவர்களே! காபித் தூள் வாங்குங்கள், மிளகு வாங்குங்கள், ஆரஞ்சு வாங்குங்கள். லேபிள் இல்லாத பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள். உஷார்!